ஒன்பது பாக நீரின் கீழே

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் நாட்காட்டியில் ஒக்டோபர் மாதத் தாளைத் திருப்பியதும் என் மகள் அதன் முன்னே அசையாமல் நின்றுவிட்டாள். செந்நிறப் பாறைச் சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் நடுவே நீலத்தை உருக்கி வார்த்தாற்போன்ற நீர்ப்பரப்பு. அதன்மேல் எறும்பளவில் ஒரு படகு. மரம் இல்லை, செடி இல்லை, ஒரு புல்லும் இல்லை. ஆண்டிற் பல மாதம் மூடுபனியிலும் சாரலிலும் நனைந்து கிடக்கும் கந்தப்பளையிற் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அந்தக் காட்சி விளங்கவில்லை.

“மழையே இல்லாத இடத்திலே இவ்வளவு தண்ணீர் எப்படியப்பா வந்தது?” என்று கேட்டாள்.

கல்லூரியில் நெடுங்காலமாகப் பாடஞ் சொல்லிப் பழகியவனுக்கு இத்தகைய வினா கிடைத்தால் விட மனம் வருமா? அன்று காலைத் தேநீர் ஆறிப்போயிற்று.

படத்தில் இருந்தது பவல் ஏரி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில், யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களில் அது பரந்து கிடக்கிறது. அந்தப் பாலை நிலத்தில் மழை அருமையே. ஆயினும், மிகத் தொலைவிலுள்ள ரொக்கி மலைத்தொடரில் உருகும் பனி, கொலராடோ என்னும் ஆறாகத் திரண்டு பாலையை ஊடறுத்துக்கொண்டு வருகிறது. அவ்வாற்றின் குறுக்கே 710 அடி உயரமான கிளென் கன்யன் அணையை எழுப்பி, 1963 மார்ச்சு மாதத்தில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். நீர் ஏறிற்று, மிக மெதுவாகவே ஏறிற்று. ஏரி முதன்முறையாக நிரம்புவதற்கு 1980 ஆம் ஆண்டு வரை, பதினேழு ஆண்டுகள் சென்றன. நிரம்பியபோது அதன் நீளம் 186 மைல். கிளைப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றினுள்ளும் நீர் விரல் விரலாகப் புகுந்துகொண்டபடியால், வளைந்து வளைந்து செல்லும் கரையை அளந்தால் ஏறத்தாழ 1,960 மைல் வருமாம். நமது இலங்கைத் தீவின் கடற்கரை முழுவதையும் நடந்து முடித்தாலும் அதிற் பாதியளவே தேறும்!

கோடையில் அங்கே வெயில் நூறு பாகை பரனைற்றைத் தாண்டும். ஆதலால், ஏரியின் அழகைக் காண விரும்புவோர் இலையுதிர் காலத்தையே தேர்ந்துகொள்கிறார்கள். செப்டெம்பர் கழிந்தபின் வெயில் தணியும். விடுமுறைக் கூட்டம் கலையும். நீரோ கோடையின் வெம்மையைத் தன்னுள் வைத்திருந்து இளஞ்சூடாகவே இருக்கும். படகைக் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றினுள் திருப்பினால், போகப் போக இரு சுவர்களும் நெருங்கி வரும். பெரும்படகை நிறுத்திச் சிறுபடகில் ஏற வேண்டும். பின்னர் அதுவும் போகாது. கிளையொன்றின் முடிவில் இறங்கி நடந்தால், 290 அடி உயரத்தில் இயற்கையே வளைத்துக் கட்டிய வானவில் பாலம் என்னும் கல் வளைவைக் காணலாம். நவஹோ மக்களும் அயலிலுள்ள ஏனைய பழங்குடியினரும் அதனைப் புனித இடமாகப் போற்றுகிறார்கள்.

ஏரிக்குப் பெயர் தந்த ஜோன் வெஸ்லி பவலின் கதையை நான் சொல்லாமல் விடுவேனா? உள்நாட்டுப் போரில், 1862 இல் சைலோ என்னுமிடத்தில் வலக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு, 1869 மே 24 ஆம் நாள் நான்கு படகுகளிற் பதின்மர் புறப்பட்டு, வரைபடத்தில் வெற்றிடமாயிருந்த கொலராடோப் பள்ளத்தாக்குகளைக் கடந்து, ஓகஸ்டு 30 இல் வெளியேறினார்கள். வந்துசேர்ந்தவர் அறுவரே. நடுவழியில் நீரோட்டம் சற்று அடங்கிய ஓரிடம். பாசி படர்ந்த பாறைக் குடைவுகளும் ஊற்றுகளும் நிறைந்த அழகிய பள்ளத்தாக்கு. அதற்குக் கிளென் கன்யன் என்று பெயரிட்டவர் அவரே. அந்தப் பள்ளத்தாக்கைத்தான் பின்னர் நீர் மூடியது. மூடிய நீருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்! இதைக் கௌரவம் என்பதா, குறும்பு என்பதா?

இன்னொன்றும் உண்டு. 1893 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கூடிய நீர்ப்பாசன மாநாட்டில், வறண்ட மேற்கு நிலம் முழுவதற்கும் பாய்ச்சப் போதிய நீர் கிடையாது என்று பவல் எச்சரித்தார். அவையோர் கூச்சலிட்டு அவரை எள்ளினார்கள். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் தொடர்ந்த வறட்சியால், 2023 இன் தொடக்கத்தில் அவர் பெயர் தாங்கிய ஏரியே நிறைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 180 அடி கீழே இறங்கியது. நீர் விட்டுச்சென்ற வெண்மையான பட்டை செம்பாறைச் சுவர்களிற் சுண்ணாம்பு பூசினாற்போல் இன்றும் தெரிகிறது. மூழ்கியிருந்த குடைவுகள் சில மீண்டும் வெளிவந்தன.

“அப்படியென்றால் தண்ணீருக்குள்ளே ஊர்களும் இருந்தனவா?” என்றாள் மகள்.

பவல் ஏரியின் கீழே இருப்பவை பெரும்பாலும் பழங்குடியினரின் தொன்மையான உறைவிடங்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில், 1935 இல் கட்டி முடிந்த ஹூவர் அணையினால் உண்டான மீட் ஏரியிலோ ஓர் ஊரே மூழ்கிப்போயிற்று. சென் தோமஸ் என்பது அதன் பெயர்; 1865 இற் குடியேறியவர்கள் அமைத்த ஊர். தண்ணீர் வராது, வந்தாலும் இவ்வளவு தூரம் வராது என்றிருந்த கடைசிக் குடியிருப்பாளர், 1938 யூன் மாதத்தில் நீர் தம் வீட்டு வாயிலைத் தொட்டபின், படகொன்றில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு வெளியேறினார். இப்போது ஏரி வற்றிவிட்டதால், அவ்வூரின் அத்திவாரங்களிடையே மக்கள் நடந்து திரிகிறார்கள்.

மகள் மௌனமாக இருந்தாள். “இதற்கு அமெரிக்காவரை ஏன் போகவேண்டும்? மஸ்கெலியாத் தாத்தாவின் ஊரும் தண்ணீருக்குள்ளேதானே இருக்கிறது!” என்றேன்.

அந்த வார இறுதியிலேயே புறப்பட்டோம்.

மஸ்கெலியாத் தாத்தா என்பவர் என் தாயாரின் தமையனார். வயது எழுபது. கண்ணிற் படலம் விழுந்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். “அதுக்கு முன்னாடி ஒருதரம் தண்ணியில போய்ப் பார்த்துட்டு வரணும்” என்று சில மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கண் தெளிந்தபின் போகலாமே என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுபது வயதில் நாள் குறித்துக்கொண்டு போகிறவருக்குத் திரும்பி வருவது குறித்து ஓர் ஐயம் இருக்கத்தானே செய்யும்.

கந்தப்பளையிலிருந்து நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதை, மனிதன் மறித்த நீர்நிலைகளைக் கோத்த ஒரு மாலை எனலாம். நுவரெலியாவின் கிறகரி வாவி, 1873 இல் ஆளுநர் வில்லியம் கிறகரி காலத்தில் அமைந்தது. இன்று உல்லாசப் படகுகள் மிதக்கும் அந்த வாவியின் நீரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் நிலையத்திற் சுழலியைச் சுழற்றி, நகருக்கு மின்னொளி தந்தது. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரு ஓரத்திலேயே கிடக்கிறது. அட்டனைத் தாண்டினால் காசல்ரீ. கெகல்கமு ஓயாவை மறித்த தேக்கம் அது. அதன் நீரால் இயங்கும் மின்நிலையம் 1965 இல் திறக்கப்பட்டது. மேட்டின்மேல், 1878 இல் எழுந்த வார்லி தேவாலயம் தன் நிழலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்க மகளுக்கு ஆசை. மாமா காத்திருப்பார் என்று நான் தடுத்துவிட்டேன்.

அந்த மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரா என்று பெயர். 1918 இல், இந்த மலைகளிலிருந்து வீழும் நீரைக் கொண்டே நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சபையிற் கட்டுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. லக்சபானவில் 1924 இல் வேலை தொடங்கி இடையில் நின்றுபோயிற்று. முதல் மின்நிலையம் இயங்கியது 1950 இலேதான். அவர் அதைக் கண்ணாற் கண்டு, 1953 இற் காலமானார். எச்சரித்த பவலை எள்ளினார்கள். வழி சொன்ன விமலசுரேந்திராவைக் கால் நூற்றாண்டுக்கு மேல் காக்க வைத்தார்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் மஸ்கெலியா ஓயாவின் குறுக்கே 1969 இல் நிறைவெய்தியது. அப்போது பழைய மஸ்கெலியா நகரம், கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலுமாக, நீரின் கீழே போயிற்று. மேட்டிலே புதிய நகரம் எழுந்தது. என் மாமாவின் தந்தையார் பழைய கடைத்தெருவில் ஒரு கடைச் சிப்பந்தி. கடையின் பின்கட்டிலேயே குடியிருப்பு. வெளியேறும்போது மாமாவுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது. ஓடுகளைக் கழற்றித் தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றினார்களாம். கதவு நிலைகளையும் பெயர்த்துச் சென்றார்களாம். சுவர்களை மட்டுமே விட்டுவர நேர்ந்தது.

அந்த ஆண்டுகளில் ஏறிவந்தது தண்ணீர் மட்டுமன்று. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்டிருந்த நம் மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும், 300,000 பேர் இங்கே குடியுரிமை பெறலாம், மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பிரித்தது. கடைத்தெருவின் ஒரு பகுதி மேட்டுக்கு ஏறிற்று. இன்னொரு பகுதி சில ஆண்டுகளுள் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிற்று. மாமாவின் அடுத்த வீட்டுத் தோழன் அப்படிப் போனவன். கோத்தகிரியிலிருந்து ஒரேயொரு கடிதம் வந்ததாம். “நம்ம வீட்டுச் சுவரு இன்னும் இருக்கா?” என்று அதிற் கேட்டிருந்தானாம். பதில் எழுதினீர்களா என்றேன். மாமா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

விடியற்காலையில் கரைக்குச் சென்றோம். ஐப்பசி மாதத்தில் மலைநாட்டில் காலைப்பொழுதே நம்பத்தக்கது. நண்பகல் தாண்டினால் இடியும் மழையும் வந்துவிடும். பருவமழை பெய்து ஓய்ந்திருந்ததால் தேக்கம் கரைமுட்ட நிறைந்திருந்தது. பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய கண்ணாடியிழைத் தோணி ஒன்று. அதற்குரியவர் தேக்கத்தில் மீன்பிடிக்கும் இளைஞர். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறமாட்டோம் என்று நான் பிடிவாதமாக நிற்கவே, சிரித்துக்கொண்டே போய் அயல்வீட்டிலிருந்து மூன்றை வாங்கி வந்தார். மாமா மட்டும் அதை மாட்டிக்கொள்ள மறுத்தார். “பொறந்த ஊருக்குப் போறதுக்குச் சட்டை வேணுமா?” என்று அவர் கேட்க, “தாத்தா, நீங்கள் போடாவிட்டால் நானும் போடமாட்டேன்” என்று மகள் சொல்ல, விவகாரம் அத்துடன் முடிந்தது.

கரையை விட்டு அகன்றதும் காற்று நின்றது. நாற்புறமும் தேயிலைச் சரிவுகள் நீருக்குள் தலைகீழாக இறங்கின; வடிவொழுங்கான சிவனொளிபாதமலையின் உச்சி வானத்தில் ஒன்று, காலடியில் ஒன்று என இரண்டாகத் தெரிந்தது. நாட்காட்டிப் படத்துக்கு இது குறைந்ததன்று என்று மகள் சான்றிதழ் வழங்கினாள். மாமாவோ அழகைக் கவனிக்கவில்லை.

“பாப்பா, எனக்குத் தூரத்துல உள்ளது மங்கலாத்தான் தெரியுது. நீதான் பார்த்துச் சொல்லணும். அந்தா அந்தக் கரையில ஒத்தப் பாறை ஒண்ணு இருக்கா? நம்ம வாசல்ல நின்னா, மலை உச்சி அந்தப் பாறைக்கு நேர் மேல நிக்கும்.”

மகள் தோணியின் முனையில் அமர்ந்து, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்” என்று துடுப்புக்காரருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாறையும் உச்சியும் ஒரு நேரில் வந்தன. ஆனால் ஒரு நேர்கோட்டைக் கொண்டு இடத்தைக் காண இயலாது. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியே இடம். இதை நான் சொல்ல வாயெடுக்குமுன்னே, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேற்படியாத மாமா, “இப்ப பின்னால திரும்பிப் பாரு. ரெண்டு மலை சேர்ற இடத்துல ஒரு பள்ளம். அதுக்கு நேரா அந்தப் பழைய ஸ்டோர் கூரை வரணும்” என்றார். கோட்டிலிருந்து விலகாமலே தோணி முன்னோக்கி ஊர்ந்தது. “வந்துவிட்டது, தாத்தா!” என்று மகள் கூவினாள்.

துடுப்புக்காரர் தோணியை நிறுத்தி, கயிற்றிற் கட்டிய நங்கூரக் கல்லை இறக்கினார். இறக்கும்போதே இரு கைகளையும் விரித்து எண்ணினார். ஒன்பது பாகம். ஐம்பத்துநான்கு அடி என்று வைத்துக்கொள்வோம். கல் மெத்தென்று சேற்றில் இறங்காமல், எதிலோ இடித்து நின்றது கயிற்றிலேயே தெரிந்தது.

“சேர், இந்த எடத்துல நாங்க வலை போடமாட்டோம்” என்றார் அவர். “கீழ சுவரு இருக்கு, சிக்கினா கிழிஞ்சிரும். ஆனா மீன் நிக்கிறதும் இங்கதான். தூண்டில் போட்டா நல்லாக் கிடைக்கும்.”

அவருக்கு முப்பது வயதும் இராது. பழைய மஸ்கெலியாவை அவர் கண்டதில்லை. ஆயினும், எங்கே தெரு, எங்கே சுவர், எங்கே வெறும் வெளி என்பதைக் கிழிந்த வலைகளைக் கொண்டு மனப்பாடமாக அறிந்து வைத்திருந்தார். மாமா அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். இந்தப் பக்கம் வலை சிக்குமா? சிக்கும். அதற்கு அப்பால்? பத்துப் பதினைந்து முழத்துக்குச் சிக்காது. “அதுதான் ரோடு!” என்றார் மாமா. அதைக் கடந்தால்? அங்கே மிகவும் சிக்கும், ஐயா. “அது எங்க முதலாளி கடை, கருங்கல்லுல கட்டினது.” இவ்வாறு எழுபது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் எனக்குத் தெரியாத ஒரு தெருவில் வீடு வீடாக நடந்து போனார்கள். நானும் மகளும் வழிப்போக்கரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் மாமா, “அதுக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு சுவரு?” என்றார்.

“அது போன வருசம் வரைக்கும் இருந்திச்சு, ஐயா. இந்த வருசம் அங்க வலை சிக்கல.”

கோத்தகிரிக்குப் போன தோழனின் வீட்டுச் சுவர் அது என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்தேன். மாமா கையை நீரில் விட்டுச் சற்று நேரம் அளைந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது அவரே பேசினார். “ஊரை முக்கித்தான் கரண்டு எடுத்தாங்க. அது வேணும், வேணாங்கல. ஆனா எங்க காம்பிராவுக்கு அந்த வெளிச்சம் வந்தது எப்ப?” இதற்கு நான் என்ன விடை சொல்வது? கந்தப்பளைத் தோட்ட லயத்திற் பிறந்த நான், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குக் குப்பி விளக்கிலே படித்தவன். எங்கள் மலைகளிலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் எங்கள் கூரைகளின் மேலாகவே கொழும்புக்குப் போயின. பல லயங்களுக்குள் இறங்கி வர அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று நான் மின்விளக்கின் கீழ் அமர்ந்தே இதை எழுதுகிறேன். ஆகையால் அணையைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. ஆனால் மாமாவின் கேள்வி கேட்கப்பட வேண்டியதில்லை என்றும் சொல்ல இயலவில்லை.

மகளுக்கு வேறொரு கவலை. “நாம் மலையின் உச்சியைப் பார்த்தபோது அது பாறைக்கு மேலே மிக உயரத்தில் தெரிந்தது. தாத்தா சொன்னது போல ஒட்டி நிற்கவில்லையே? இடம் தவறியிருக்குமோ?” என்றாள். நான் சற்று யோசித்தேன். இடம் தவறவில்லை. மாமா பார்த்தது வாசற்படியில் நின்று. நாங்கள் பார்த்தது அவ்வாசலுக்கு ஐம்பதடிக்கு மேலிருந்து. கண் உயர உயர, அருகிலுள்ள பாறை தாழும். தொலைவிலுள்ள உச்சியோ அவ்வளவு தாழாது. இதைத் தோணியிலேயே துடுப்பைக் கரும்பலகையாகக் கொண்டு விளக்கினேன். மாமா கேட்டுவிட்டு, “அப்ப நாம கூரைக்கு மேல நின்னோமா?” என்றார். ஆம் என்றேன். “கூரை எங்க இருக்கு? ஓட்டைத்தான் நாங்க கழட்டிட்டு வந்துட்டோமே” என்றார், முதன்முறையாகச் சிரித்தார்.

கரையேறும்போது முதல் மழைத்துளிகள் விழுந்தன. கொதிக்கக் கொதிக்கச் சாயத் தண்ணீர் குடித்தோம். வறட்சி கடுமையான ஆண்டுகளில், மாசி பங்குனியில் நீர் இறங்கிப் பழைய கோயிலும் விகாரையும் வெளியே தெரியுமென்றும், அப்போது ஊரார் போய்க் கற்பூரம் ஏற்றி வருவார்களென்றும் மாமா மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தகைய ஆண்டில் மின்வெட்டும் வருமே என்றேன் நான். அதற்கு அவர் தலையசைத்தார். எனினும் முகத்தில் வருத்தம் இல்லை.

“கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சிரும்” என்றார். “பங்குனியில தண்ணி எறங்கிச்சுன்னா சொல்லி அனுப்புறேன், மருமகனே. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா. பழைய செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்க. சேறு முழங்கால் வரைக்கும் இழுக்கும்.”